வெள்ளைத் துணிக்கு ஒரு நீலப் பக்கம்

இன்று காலை வாழைக்காய் சீவும்போது விரலையும் சேர்த்துச் சீவிக்கொண்டேன். மேசை இழுப்பறையில் கிடந்த பேண்டேஜ் துணிப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்ததும், சலவைத்தூள் கலந்த அந்தப் பழைய வாசனை வந்தது. கூடவே நீயும் வந்தாய். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாமல் நான் தடுமாறியதைப் பார்த்திருந்தால், "பி.எஸ்ஸி. படிச்சவளுக்கு ஒரு முடிச்சுப் போட ஏலலை" என்று சிரித்திருப்பாய்.

தொண்ணூறுகளின் கடைசியில், ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் நாம் இரண்டே பேர். நான் வகுப்பு எடுப்பேன். நீ டிடிபி மேசையில் கல்யாணப் பத்திரிகை அடிப்பாய். செட்டியார்பட்டியிலிருந்து சைக்கிளில் வருவாய். பத்தாவதும் டைப்ரைட்டிங் ஹையரும்தான் உன் படிப்பு. பத்திரிகை வேலை குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் சென்டர் நடத்திய அண்ணாச்சி உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அடுத்த மாசத்தோட இந்த டிடிபி மேசையை எடுத்திரலாம்னு இருக்கேம்மா." மேசை போனால் உன் வேலையும் போகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அந்த வாரமே பேண்டேஜ் துணி ஆலை முதலாளி ஒருவர் படியேறி வந்தார். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் வெப்சைட் உண்டா என்று கேட்கிறார்களாம். செய்து தர மதுரையில் ஒரு கம்பெனி இருக்கிறதாம். "ஆனா ஒரு சைஸ் மாத்தணும்னாலும் அவங்களைத்தான் கூப்பிடணும்ங்காங்க. எங்க ஆளே மாத்திக்கிடற மாதிரி உங்களால செஞ்சு தர முடியுமா? பத்து நாள் பாப்பேன். பொறவு மதுரைதான்."

அண்ணாச்சி வாய் திறக்குமுன் நீ, "முடியும் சார்" என்றாய். அதுவரை நீ ஒரு வெப்சைட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

முதலாளி அனுப்பிய ஆள் செல்வமேரி அக்கா. ஆலையில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்பவர். மவுஸைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் சேலையில் கையைத் துடைத்துக்கொள்வார்.

எந்த மென்பொருளில் செய்வது என்பதில்தான் நமக்குச் சண்டை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் குறியீடாக எழுதிவிடலாம் என்பது என் கட்சி. கல்லூரியில் நான் படித்ததே அதற்குத்தானே. நீயோ, கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு வந்த சிடிக்களிலிருந்து இரண்டு மென்பொருளை ஏற்றிவைத்தாய். "அக்கா ஒக்காரட்டும். எதுல அவிய கை ஓடுதோ அதுதான். நாம தொடக் கூடாது" என்றாய். நான் கேட்கமாட்டேன் என்று தெரிந்து, "கையைப் பின்னால கட்டிக்கோ" என்றும் சொன்னாய்.

என் குறியீட்டைப் பார்த்து அக்கா மிரண்டார். "என்னத்தா இது, எறும்பு ஊருத மாதிரி இருக்கு. இதுல துணி எங்க?" இரண்டாவது மென்பொருளைத் திறந்ததும் திரையெங்கும் பெட்டி பெட்டியாக வந்து விழுந்தது. "ஒரு பீரோவைத் தொறந்தா ஒம்பது கதவு தொறக்குதே!" மூன்றாவதில் பக்கம் பக்கமாகவே தெரிந்தது. அக்கா நாலு வரி அடித்தார். ஐந்தாவது வரியில் ஏதோ ஒரு விசை பட்டு மொத்தமும் மறைந்தது. அவர் முகம் செத்துவிட்டது. நான் பாய்ந்தேன். நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "எக்கா, மேல வளைஞ்ச அம்புக்குறி இருக்கு பாருங்க. அதைத் தட்டுங்க" என்றாய். தட்டினார். எல்லாம் திரும்பி வந்தது. அக்கா அடித்தது, அழித்தது, மறுபடி வரவழைத்தது என்று கொஞ்ச நேரம் விளையாடிக்கொண்டே இருந்தார்.

"இதுதான்" என்றாய்.

"இது தானாப் பின்னால எழுதிக்கிடற கோடிங்கெல்லாம் ஒரே குப்பைடி" என்றேன்.

"குப்பையை நீ கூட்டு. வாசல்ல அக்கா கோலம் போடட்டும்."

பத்தாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் பக்கம் இருந்த முதலாளியின் விற்பனை அலுவலகத்துக்குப் போனோம். அவருடைய புதுக் கம்ப்யூட்டரில் மென்பொருளை ஏற்றி, ஃபிளாப்பியிலிருந்த பக்கங்களைத் திறந்தோம். எழுத்து இருந்தது. நாம் ஸ்கேன் செய்து போட்ட துணிப் படங்களைக் காணோம். நம் மங்கல் மானிட்டரில் சாம்பலாகத் தெரிந்த இழைகள், அவருடைய மானிட்டர் வெளிச்சத்தில், வெள்ளைப் பக்கத்தோடு வெள்ளையாகக் கரைந்து போயிருந்தன. வெள்ளைத் துணியைப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். அதற்குப் பின்னால் ஒரு நிறம் வேண்டும் என்று பத்து நாளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வெறும் பக்கத்தைக் காட்டியா வியாபாரம் பண்ணச் சொல்லுதீய?" என்றார் முதலாளி. "மதுரைக்கே சொல்லிருதேன்."

நான் மவுஸை நோக்கிப் போனேன். நீ மணிக்கட்டைப் பிடித்தாய். போகப்போவது உன் மேசை. ஆனாலும் மெதுவாக, "கையைக் கட்டுட்டி" என்றாய்.

அக்கா சேலையில் கையைத் துடைத்தார். "பஞ்சு ரோலை நாம நீலத் தாள்லதான மொதலாளி சுத்துதோம்? இதுக்கும் அதையே விரிச்சிருவோம்." பக்கத்தின் நிறத்தைத் தேடித் தட்டினார். கை தவறிப் பக்கம் முழுக்கச் சிவப்பானது.

"ஏ யம்மா, ஒரே ரத்தமாயிட்டு!" என்று முதலாளி அலறினார்.

"அதுக்குத்தான கட்டுத்துணி விக்கோம்" என்றபடி அக்கா வளைந்த அம்புக்குறியைத் தட்டினார். அடுத்த தட்டலில் நீலம். அதன்மேல் துணிப் படங்கள், மடித்து அடுக்கி வைத்ததுபோல, ஒவ்வொன்றாகத் துலங்கின.

முதலாளி, "செத்த எந்திரிங்க" என்று அக்காவின் நாற்காலியில் தானே உட்கார்ந்து, ஒரு சைஸை மாற்றினார். அழித்தார். திரும்ப வரவழைத்தார். பிறகு, "மதுரைக்கு வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில், "ஏட்டி, மதுரையையே ஓரங்கட்டிட்டோம்டி!" என்று நீ கத்தியதில் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் அண்ணாச்சி எடுத்தது உன் மேசையை அல்ல, வாசலிலிருந்த பழைய போர்டை. புதுப் போர்டுக்கு நீதான் வரிகளை அடித்துக் கொடுத்தாய். 'வெப்சைட் செய்து தரப்படும்' என்பது மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட இரண்டு மடங்கு பெரிது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று, புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் பெண் உன் கைக்கட்டை மாற்றத் திணறினாள். உதவப்போன என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாய். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் சரியாகவே கட்டினாள்.

இன்று மத்தியானம் கூமாப்பட்டியிலிருந்து தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கும் பெண் ஒருத்தி என் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். வெப்சைட்டைத் தானே செய்ய வேண்டுமாம். இப்போது மூன்றல்ல, முப்பது மென்பொருள் இருக்கின்றன. ஒன்றைத் திறந்து கொடுத்தேன். அரைமணி நேரத்தில் அலறினாள்: "ஐயோ அக்கா, அம்புட்டும் போச்சு!"

நான் அசையவில்லை. அவள் திரையை மேலும் கீழும் தேடினாள். அந்த வளைந்த அம்புக்குறி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

"வந்திருச்சுக்கா!" என்று அவள் துள்ளியபோது, என் முதுகுக்குப் பின்னால், கட்டுப்போட்ட விரலை என் இன்னொரு கை இறுகப் பிடித்திருந்தது.