வாசலில் தெளித்த வெந்நீர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இந்த அமெரிக்க ஊர் எடிசனில் ஒரு அடி பனி, அம்மா! வீட்டின் முன்னால் இருக்கும் நடைபாதையை அவரவர்தான் சுத்தம் செய்யவேண்டும். பனியை வாரித் தள்ளியதும் கை சும்மா இருக்குமா? நீ காலையில் வாசல் தெளிப்பதைப் போலவே ஒரு வாளி தண்ணீர் தெளித்தேன், குளிருக்காக வெந்நீராய். அரை மணியில் கண்ணாடியாய் உறைந்துவிட்டது!

அப்போது பக்கத்து வீட்டு ரசியா வேலைக்குக் கிளம்பி வந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி.

"அக்கா, இதுல நான் எப்படி பஸ் ஸ்டாப்புக்குப் போறது?"

பதறிப்போய் உப்பைக் கொட்டி, கொத்திக் கொத்தி வழி செய்தேன். என் கையைப் பிடித்தபடி ஒரு சறுக்கலும் இல்லாமல் நடந்தாள்!

இங்கே வந்த ஆறு மாதத்தில் என் கையைப் பிடித்த முதல் ஆள் அவள்தான். மாங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டிலாக அனுப்பு. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. நாளைக்கும் பனியாம். பெய்யட்டும்!

உன் வான்மதி