தியுர்மாவை நீ கண்ட இடம்

சமோசிர் தீவு
அக்டோபர் 14

அன்பு மகன் சஹாலாவுக்கு அப்பன் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஹூஸ்டனில் நீயும் மருமகளும் பேத்தி நவோமியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலிதான், ஏரிப் பக்கம் மழை இருட்டினால் கூடிவிடுகிறது. வெங்காயம் இந்தத் தடவை அழுகாமல் வந்தது, எருமை கன்று போட்டிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நீ வந்து படகுத்துறை மைதானத்தில் மூன்று நாள் கூட்டம் நடத்தப் போகிறாய் என்று ஆலயத்தில் அறிவித்தார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் நீ உடனே ஜெபத்துக்குப் போய்விடுகிறாய், அப்புறம் என்னால் ஒன்றும் பேச முடிவதில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டு லஸ்மா வெங்காயத் தோட்டத்துக்கே போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "பெரியம்மா, உங்க பேத்தி மேடையில பேசுது பாருங்க" என்றாள். உன் அம்மா கையை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் போனை வாங்கினாள். வெள்ளைக் கவுனில் நவோமி நிற்கிறாள், ஏழு வயது, அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நீ நம் பாஷையில் சொல்கிறாய். கனவில் பரலோகத்தின் பொன் வீதி பார்த்தாளாம், பிறகு தேவதூதன் நரகத்தைக் காட்டினானாம், அங்கே அப்பாவின் அக்கா கையில் கிதார் ஒட்டிக்கொண்டு எரிய, தண்ணீர் தண்ணீர் என்று கதறினாளாம். நீ கண்ணைத் துடைத்தாய், சனம் அழுதது. உன் அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெங்காயத் தாளை அரியப் போனாள். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. பேத்தி நாலு வார்த்தை சேர்த்துப் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தக் கனவு நவோமியுடையது அல்ல, சஹாலா. உன்னுடையதும் அல்ல. உனக்கு அப்போது எட்டு வயது, உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. உன் அக்கா தியுர்மா சந்தைக்குப் போன படகு காற்றில் கவிழ்ந்து, அவளை அடக்கம் பண்ணி ஒன்பதாம் நாள். காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து என் மடியில் உட்கார்ந்து, "அப்பா, அக்காவப் பாத்தேன். பெரிய வீடு, நிறைய சன்னல். மீன் செதில் உரிச்சிக்கிட்டிருந்தா. மூக்கத் துடைடா பன்னின்னு திட்டினா" என்றாய். நான் சிரித்தேன், அவள் போன பிறகு அன்றுதான் சிரித்தேன். சிறுவர் ஜெப வாரம் நடத்த வந்த ஊழியக்காரர் பொந்தாஸ் அன்று நம் வீட்டில்தான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கள்ளுக்கடையில் கிதார் வாசிக்கிறாள் என்று அவர் கண்டித்தபோது, "தாவீது ராசா வாசிச்சா சரி, நான் வாசிச்சா பாவமா ஐயா" என்று தியுர்மா கேட்டுவிட்டாள் அல்லவா, அந்தக் கோபம் அவருக்கு ஆறவில்லை. உன்னைக் கூப்பிட்டு, "தம்பி, அங்க நெருப்பு இருந்துச்சா?" என்றார். இல்லை என்றாய். "புகை?" என்றார். அடுப்புப் புகை இருந்தது என்றாய். "புகை இருந்தா நெருப்பு இருக்கணுமே, நல்லா யோசி" என்று பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். மாலைக்குள் நெருப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை புதுச்சட்டை போட்டு உன்னைப் பீடத்தருகே நிறுத்தியபோது கிதாரும் வந்துவிட்டது, கதறலும் வந்துவிட்டது. உன் அம்மா எழுந்து வெளியே போனாள். நான் மூப்பர் அங்கியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. ஆலயத்தில் என் இடம் போய்விடும் என்று பயந்தேன். பிஸ்கட்டுக்கு மாறியது எட்டு வயதுப் பிள்ளை, உன்மேல் குற்றமில்லை. அங்கிக்கு மாறியது நான்.

ஆனால் இப்போது உனக்கு முப்பத்துநாலு வயது. நவோமியிடம் நீ எதைக் காட்டிக் கேள்வி கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. நீ அறிந்து செய்தாயோ அறியாமல் செய்தாயோ, என் மகளை இரண்டாம் தடவை எரித்திருக்கிறாய், அதுவும் உன் மகள் வாயால்.

போன ஞாயிறு நான் ஆலயத்தில் எழுந்து நின்று, அந்தக் காலையில் நீ என் மடியில் சொன்னதை அப்படியே சொன்னேன், மீன், சன்னல், மூக்கு எல்லாம். யாரோ சிரித்தார்கள். போதகர், "பெரியவரே, உங்களுக்கு வயசாயிடுச்சு, உட்காருங்க" என்றார். ஆராதனை முடிந்ததும் அங்கியைப் பின்னறையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள், வைத்துவிட்டு வந்தேன். உன் அம்மா பாராட்டுவாள் என்று நினைத்தேன். "இருபத்தாறு வருஷமா இந்த வாய் எங்க போயிருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் போட்டாள். நான் சாப்பிட்டேன்.

நேற்று அவளாகவே உனக்கு ஒரு செய்தி சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அவன் கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். பிள்ளைய மட்டும் வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அவ அத்தை எப்படி இருந்தா, என்ன சாப்பிடுவா, எப்படிச் சிரிப்பான்னு நான் சொல்றேன்."

குளிர் தொடங்கிவிட்டால் நவோமிக்குக் காதை மூடிக் குல்லா போடு. காலையில் எழுந்ததும் அவளிடம் கனவு கேட்காதே, பால் கொடு. உன் வீட்டுக்குச் சமாதானம் உண்டாகட்டும், உன் பிள்ளை பயமில்லாமல் தூங்கி எழட்டும். வருகிற தேதியை எனக்கு எழுது, போதகர் வழியாகச் சொல்லி அனுப்பாதே.

ஊரார் இன்றைக்கும் என்னைக் கூப்பிடுகிறபடியே,
தியுர்மாவின் அப்பன்