வாயை மட்டும் அசை

செப்டம்பர் 24, செவ்வாய்

வகுப்பின் பின்சுவரில் புதிதாக ஒரு பதாகை. தூரிகை எழுத்தில், ‘எல்லோரும் ஒரே குரல்’. எழுதியது ஹிராமட்சு ரியோகா. வேறு யாருக்கு இவ்வளவு நேரம் இருக்கிறது?

அடுத்த மாதம் நகர மண்டபத்தில் வகுப்புகளுக்கு இடையே சேர்ந்திசைப் போட்டி. மூன்றாம் ஆண்டோடு பள்ளியை விட்டுப் போகும் எங்களுக்கு இதுதான் கடைசி. போன வருடம் நாலாம் பிரிவிடம் தோற்றதை ரியோகா இன்னும் மறக்கவில்லை. மேடையில் எங்கள் முன்னால் நின்று கையசைத்துப் பாட்டை நடத்தப் போவதும் அவள்தான். அவளைத் தேர்ந்தெடுக்க எல்லோரும் கை தூக்கினார்கள், எதற்கு வம்பு என்று நானும் தூக்கினேன்.

என்னைக் கீழ்க்குரல் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். இடது பக்கம் முகாய் சிஹோ. சதா மூக்கை உறிஞ்சுவாள்.

எனக்குப் பாடப் பிடிக்கும். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

செப்டம்பர் 27, வெள்ளி

பியானோ வாசிக்கும் நிஷிகோரி, கூடைப்பந்து ஆடி விரலைச் சுளுக்கிக்கொண்டான். இத்தனை பேர் இருக்க, பியானோக்காரன் போய்ப் பந்தைத் தடுப்பானா? கட்டு பிரிக்க நாளாகுமாம். அதுவரை சிடி போட்டுத்தான் பயிற்சி. எங்கள் பாட்டையே யாரோ ஒரு நல்ல குழு முழுதாகப் பாடிய சிடி. அதோடு சேர்ந்து நாங்களும் பாட வேண்டும்.

அக்டோபர் 1, செவ்வாய்

வகுப்பு பெருக்கி முடித்துத் துடைப்பத்தை வைக்கப் போனேன். ரியோகா மாடிப்படித் திருப்பத்தில் நின்றிருந்தாள்.

“தொகுரா, ஒரு நிமிஷம். கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லேன்.”

“என்னன்னு சொல்லு முதல்ல.”

“இல்ல... உன் குரல் கொஞ்சம் தனியாத் தெரியுது. சுருதி இறங்கிடுது. நான் தப்பாச் சொல்லல.”

“சரி, ஏத்திப் பாடறேன்.”

“அதுக்கெல்லாம் நாள் இல்லையே. வாயை மட்டும் அசைச்சாப் போதும். வகுப்புக்காகத்தானே? நீ புரிஞ்சுப்பேன்னு எனக்குத் தெரியும்.”

“சரி” என்றேன். அவள் பையில் கைவிட்டு, மஞ்சள் காகிதம் சுற்றிய தொண்டை மிட்டாய் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“யார்கிட்டயும் சொல்லாத. உனக்குத்தான் சங்கடம்.”

எனக்குச் சங்கடமாம்! எவ்வளவு அக்கறை! பாடாதே என்று சொல்லிவிட்டுத் தொண்டைக்கு மிட்டாய். எதற்கு — ஊமையாக இருந்தால் தொண்டை வலிக்குமா?

அதை விடக் கேவலம், நான் “சரி” என்றதுதான். ஏன்டி சொன்னே? வாயைத் திறந்து “முடியாது”ன்னு ஒரு வார்த்தை வரலையா? மிட்டாயைக் காகிதத்தோடு சாக்கடையில் போட்டேன்.

அக்டோபர் 2

இன்று அசைத்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். நிஜமாகப் பாடுகிறவர்களுக்குக் கழுத்து அசையும், வயிறு ஏறி இறங்கும், வரிக்கு முன்னால் தோள் லேசாக எழும்பும். நான் எல்லாவற்றையும் செய்கிறேன், சத்தத்தைத் தவிர. செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டாமா?

அக்டோபர் 11, வெள்ளி

அம்மா மீன் பதப்படுத்தும் ஆலையில் லீவு கேட்டு வாங்கிவிட்டாள். சீசன் நேரத்தில் அந்த மேலாளர் லீவு கொடுப்பதே அபூர்வம்.

“கடைசி வருஷம். வராம இருப்பேனா?” என்றாள்.

“அவ்ளோ பேர்ல நான் எங்க தெரியப் போறேன்?”

“பார்க்கவா வர்றேன்? கேக்க வர்றேன். உன் குரல் எனக்குத் தனியாத் தெரியும்டி.”

ரியோகா சொன்ன அதே வார்த்தை. சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். “என்ன ஆச்சு இப்போ?” என்று அம்மா பின்னாலேயே கத்தினாள். நானும் கத்தினேன். எதற்கென்று சொல்லவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

உடற்பயிற்சிக் கூடத்தில் ஒத்திகை. அவ்வளவு பெரிய இடத்தில் கேட்காது என்று எங்கள் வகுப்பாசிரியர் ஒகுமுரா சார் சிடியின் சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உருகிவிட்டார் மனுஷன்.

“நாளுக்கு நாள் சுத்தமா வருது. எப்படி ஹிராமட்சு?”

“எல்லாரோட ஒத்துழைப்பும்தான் சார்” என்று ரியோகா தலை குனிந்தாள்.

அந்தக் குனிந்த தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்ட வேண்டும் போலிருந்தது. நான் வாயை மூடிய பிறகுதான் சுத்தமாக வருகிறதாம். அப்படியென்றால் அழுக்கு நான்தானே?

முடிவு செய்துவிட்டேன். பாட்டின் மூன்றாம் பகுதியில் எல்லோரும் குரலைத் தணித்து ரகசியம் போலப் பாடும் இடம் ஒன்று உண்டு. போட்டியன்று அந்த இடத்தில் அடித்தொண்டையிலிருந்து கத்தப் போகிறேன். மண்டபமே திரும்பிப் பார்க்கட்டும். பரிசு போகட்டும். அவள் மூஞ்சியை நான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 24, வியாழன்

நிஷிகோரியின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். நாளை அவனே வாசிக்கிறான். இன்று அவனோடு ஒருமுறை பாடிப் பார்ப்பதாக இருந்தது. புயல் எச்சரிக்கை வந்து மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரியோகா குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் ஒவ்வொருவரிடமும், “சிடியில வர்ற மாதிரியே பாடினாப் போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வெறுமனே சிரித்தாள்.

நாளைக்குச் சிரி பார்க்கலாம்.

அக்டோபர் 25, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மேடை ஏறினோம். அம்மா ஏழெட்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஆலைக்குப் போகும் சட்டை இல்லை, நீலக் கோட்டு. நிஷிகோரி வாசிக்க ஆரம்பித்தான். ரியோகா கையை உயர்த்தினாள். நாங்கள் வாயைத் திறந்தோம்.

ஒன்றும் வரவில்லை.

ஒன்றுமே என்று சொல்ல முடியாது. மேல்குரல் வரிசையில் நாலைந்து பேர், பின்னால் பையன்களில் யாரோ இரண்டு பேர். அவ்வளவு பெரிய மண்டபத்தில் அது கதவுக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடுவது போலக் கேட்டது. சிடி இல்லை. சிடி இல்லாமல் இந்தப் பாட்டை நாங்கள் கேட்டதே இல்லை.

ஓரக்கண்ணால் சிஹோவைப் பார்த்தேன். வாய் அழகாகத் திறந்து மூடியது, வயிறு அசையவே இல்லை. வலது பக்கத்தில் இருந்தவளும் அப்படித்தான். எனக்கா தெரியாது? கண்ணாடி முன்னால் நின்று பழகியவள் நான். கீழ்க்குரல் வரிசை முழுக்க வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது.

அடிப்பாவி. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாய்?

ரியோகாவின் முகம் வெளுத்துவிட்டது. இன்னும், இன்னும் என்று இடது கையை மேலே மேலே தூக்கினாள். கண்ணால் ஒவ்வொருவராகக் கெஞ்சினாள். நீ சொன்னதைத்தானே செய்கிறோம்! வார்த்தைகளை எடுத்துக் கொடுப்பது போல அவளும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல். அவளும் நாங்களும் ஒருவரையொருவர் பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் பகுதி வந்தது. நான் கத்துவதாக இருந்த இடம். கெடுக்கத்தான் காத்திருந்தேன், கெடுப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்திருக்க வேண்டும். பாட்டு வந்தது. கத்தவில்லை, பாடினேன். சுருதி இறங்கித்தான் இருந்தது, எனக்கே தெரிந்தது. நிறுத்தவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் பாடினேன். சிஹோ ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள், பிறகு அவளும் ஆரம்பித்தாள். கிட்டத்தட்ட பாட்டு முடியும் நேரம்.

தங்கம் நாலாம் பிரிவுக்கு. எங்களுக்கு ஒன்றுமில்லை. நடுவர் மட்டும், “இவ்வளவு பேர் நிற்கிறீர்கள், மற்றவர்களின் குரல் எங்கே போயிற்று?” என்று மைக்கில் கேட்டார்.

பேருந்தில் அம்மா சொன்னாள்: “கேட்டுச்சு.”

“அபஸ்வரமாத்தானே?”

“ஆமா, அபஸ்வரம்தான். அதான் நீன்னு தெரிஞ்சுது.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்டோபர் 28, திங்கள்

சிஹோ தன் பென்சில் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் மிட்டாயை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிரிக்காத மிட்டாய். பின்பெஞ்சு மியாஜி பார்த்துவிட்டு, “உனக்குமா?” என்றான். “மாடிப்படிலயா?” என்று இன்னொருத்தி கேட்டாள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ‘எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்.’ ‘என்கிட்ட, நீ நெலமையப் புரிஞ்சுப்பேன்னு சொன்னா.’ ‘என்கிட்டயும்டி!’ பதாகையில் எழுதியது போலவே, எல்லோரும் ஒரே குரலில்.

ரியோகா உள்ளே வந்தபோது மியாஜி எழுந்து அவளைப் பார்த்து வாயை மட்டும் அசைத்தான். பிறகு இன்னும் சிலர். அவள் நேராகப் போய் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

சரியான தண்டனை. எனக்குப் பாவமாக இல்லை. இல்லவே இல்லை.

நவம்பர் 15

இன்னும் அவளைப் பார்த்து வாயசைக்கிறார்கள். வகுப்பில் சாப்பாட்டு வேளையில், அவள் முறைக்கு எல்லோருக்கும் பால் ஊற்றும்போதுகூட. நான் இதுவரை செய்யவில்லை. நல்லவள் என்பதால் அல்ல. எனக்கு அந்த வாயசைப்பைப் பார்த்தாலே குமட்டுகிறது.

பிப்ரவரி 26, புதன்

பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் பாடும் பாட்டுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. இசை ஆசிரியையே நடத்துகிறார், அதனால் ரியோகாவும் வரிசையில் நிற்க வேண்டும். கீழ்க்குரலாம். என் வலது பக்கம்.

அவள் கழுத்து அசைந்தது, தோள் எழும்பியது, வாய் பெரிதாகத் திறந்து மூடியது. பக்கத்தில் நின்ற எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நன்றாகத்தான் பழகியிருக்கிறாள்.

ஆசிரியையிடம் சொல்லியிருக்கலாம். மியாஜிக்கு ஒரு ஜாடை போதும்.

அவள் பக்கம் லேசாகத் திரும்பி நின்றேன். அவள் காதுக்கு நேராக, என் இறங்கிய சுருதியிலேயே, சத்தமாகப் பாடினேன். மூன்றாவது முறை பாடும்போது அவள் முறைத்தாள்.

“தொகுரா, சுருதி இறங்குது.”

“அப்போ சரியாப் பாடிக் காட்டு” என்றேன்.