மடுவம் என்றொரு கோப்புறை

இன்று கொட்டகலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று கடந்து போனது. அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது, கூடவே வயிற்றெரிச்சலும். செத்துப்போனவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எண்பதுகளில் ஹட்டனில் ஒரே கணினி வகுப்பில் நாமிருவரும் படிப்பித்தோம். தமிழ்ச் சொற்களில் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை ஆளுக்கொன்றாகப் போட்டிக்கு எழுதினோம். அங்கே இருந்தவை இரண்டு கணினிகள். இயங்குதளம் வேறு வேறு என்பதால் கோப்பைத் திறப்பதற்குக்கூட இரண்டிலும் இரண்டு விதம். நான் 'இந்தக் கணினி என்றால் இப்படி, அது என்றால் அப்படி' என்று என் நிரல் முழுக்க எழுதி வைத்தேன். நீயோ ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் உரியதை ஒவ்வொரு கோப்பாகப் பிரித்து, எல்லாவற்றுக்கும் மடுவம் என்று பெயர் வைத்திருந்தாய். கொழுந்து நிறுக்கிற இடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"பெக்டரி மெசினு இது எந்த மலக் கொழுந்துன்னு கேக்குதாடா? மலக்கி மல உள்ள வித்தியாசத்த மடுவத்துலயே பாத்து முடிச்சிட்டுத்தான அனுப்புறாங்க."

"பெரிய கண்டுபிடிப்பு," என்றேன்.

பிறகு மூன்றாவது கணினி வந்தது, புது இயங்குதளத்தோடு. அதில் கம்பைலரை ஓட வைக்கிறவனுக்குக் கொழும்பில் வேலை என்றார் வகுப்புப் பொறுப்பாளர். அந்த வேலைக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். ஓரிடத்தைத் திருத்தினால் எனக்கு இன்னோரிடம் உடைந்தது. நீ ஒரே ஒரு மடுவத்தைப் புதிதாக எழுதினாய். மற்றதில் கை வைக்கவேயில்லை. ஓடிவிட்டது.

ஹட்டன் ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்ற வந்தேன். "நீயும் வந்திருக்கணும்டா," என்றாய். பெருமையடித்திருந்தால் உன்னை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் நீ இடம் தரவில்லை.

இப்போது நான் எழுதும் எதிலும் மடுவம் என்றொரு கோப்புறை இருக்கிறது. யாருடைய யோசனை என்று என்னிடம் படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். உன் பெயரைத்தான் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் எரிந்துகொண்டே. கொழும்பு வேலை போனால் போகட்டும். சின்ன வயதில் நம் அம்மாமார் கொழுந்து நிறுத்து முடிக்கும்வரை அந்த மடுவத்து வாசலில் உன்னோடு நானும்தானே நின்றேன். உன் கண்ணில் பட்டது என் கண்ணில் ஏன்டா படாமல் போனது?