நாலு குடம் உரத்தண்ணீர்

அக்கா,

இன்று காலை, நர்சரியில் புதிதாகச் சேர்ந்த ஜோதி ஒரு மக்கில் டி.ஏ.பி. உரத்தைக் கரைத்துக்கொண்டு என் பாத்திக்கு வந்தாள். என் வேப்பங்கன்றுகள் குட்டையாக நிற்பதைப் பார்த்து அவளுக்குப் பாவமாகிவிட்டது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பாதித் தண்ணீர் என் காலில் சிந்தியது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ என் கண்முன் வந்து நின்றுவிட்டாய்.

நீ மண் கொண்டுவருவாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். நஞ்சன்கூட்டில் உன் வீட்டருகே நிற்கும் கிழட்டு வேப்பமரத்தடியில், வேர்த்துணுக்கோடு கூடை நிறைய அள்ளி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மைசூர் நர்சரிக்கு வருவாய். கண்டக்டர் கூடைக்கும் டிக்கெட் கேட்பான். "மடியில இருக்கற புள்ளைக்கு எந்த ஊர்ல டிக்கெட்டு?" என்பாய். அந்த ஆள் கடைசிவரை உன்னிடம் ஜெயிக்கவில்லை. மாற்றலாகிப் போன அன்று உன்னிடம் சொல்லிக்கொண்டு போனானாம், அது வேறு கதை. ஒவ்வொரு கன்றுப் பையிலும் அந்த மண்ணில் ஒரு பிடி போடுவாய். "பெரிய மரத்து வேர்ல என்னமோ உசுரு இருக்குது புள்ள. சின்னதுக்கு அது தண்ணி தேடிக் குடுக்கும்."

ஒரு வருஷம் உன் பாத்திக் கன்றுகள் குட்டையாக நின்றன. வளராவிட்டால் அடுத்த மாதம் வேலைக்கு வரவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். நீ சிரித்துக்கொண்டே களை பிடுங்கினாய். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நீ டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து நாலு குடம் உரத்தண்ணீர் ஊற்றினேன். வாராவாரம் ஊற்றினேன். கன்றுகள் தளதளவென்று ஏறின. மேஸ்திரி உன்னைப் புகழ்ந்தார். அந்தச் சந்தோஷத்தில் தேவராஜா மார்க்கெட்டில் எனக்கு இரண்டு முழம் பூ வாங்கித் தந்தாய். வைத்துக்கொண்டேன்.

கோடையில், கல்லாங்கரட்டு மேட்டில் கொண்டுபோய் நட்ட உன் கன்றெல்லாம் காய்ந்துபோயிற்று. நீ ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாய். வேர் கட்டையாக, மொட்டையாக இருந்தது. "எம் மண்ணு பொய்யாப் போச்சு புள்ள" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். உரம் போட்டது எப்படிக் கெடுதலாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நீ கூடை கொண்டுவரவே இல்லை. நீ கண்ணை மூடியும் இரண்டு வருஷம் ஆகிறது.

இந்தப் பருவத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு மேடம் நர்சரிக்கு வந்து, வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வேர் எட்டாத இடத்துக்கும் அதன் இழை போய், தண்ணீரும் சத்தும் கொண்டுவருமாம். பழைய மரத்தடி மண்ணிலேயும் அதுதான் இருக்கிறதாம். டி.ஏ.பி. மட்டும் ஊற்றக்கூடாதாம். சத்து சும்மா கிடைத்தால் வேர் அந்தப் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்ளாதாம். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

உன் மண் பொய்யாகவில்லை அக்கா. நான்தான் அதைப் பொய்யாக்கினேன்.

"கன்னுக்குத்தானக்கா ஊத்தறேன், எனக்கா ஊத்திக்கறேன்?" என்று ஜோதி கோபித்துக்கொண்டாள். அவளை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். குடம், பூ, நான் பக்கத்தில் நின்றது, எல்லாம். கேட்டு முடித்து, "அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்றாள். நான் எழுந்து போய் மக்கைக் கழுவி வைத்தேன்.

நாளை ஞாயிறு. உன் மரத்தடிக்குக் கூடையோடு போகிறேன். திரும்பும்போது மடியில்தான் வைத்துக்கொள்வேன். கண்டக்டர் கேட்டால் உன் பதிலைத்தான் சொல்ல வேண்டும்.