கிரகணத்துக்கு நறுக்கிய படம்

ஜூலை 9, பிற்பகல் 3.10
பார்த்ததை மட்டும், பார்த்தபடியே இதில் எழுதுவேன். நான் இளவெயினி, பத்தாம் வகுப்பு. இடம்: மருத்துவமனையின் அடித்தள எக்ஸ்ரே அறை. ஜன்னல் கிடையாது. அம்மா செண்பகவல்லி, பஸ் கண்டக்டர். வலது முழங்காலில் உலோக மூட்டு வைத்து இரண்டு வருடம். இரண்டு மாதமாக வலி. போன மாதமும் இங்கே படம் எடுத்தோம். மூட்டு தளர்ந்திருந்தால் மறுபடி ஆபரேஷன். இல்லையென்றால் நாளைக்கே டியூட்டி. படத்தைப் படித்துச் சொல்வது 'நோக்கி' என்ற செயற்கை நுண்ணறிவு. இங்கே கதவும் விளக்கும்கூட அதன் பொறுப்பு.

3.34
புதிய படத்தில் உலோகத் தட்டுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு. புதிதாக அப்படி வந்தால் மூட்டு தளர்கிறது என்று படித்திருக்கிறேன். ஆபரேஷன் முடிந்ததும் எடுத்து, கணினிச் சேமிப்பில் இருந்த பழைய படத்தை நோக்கி பக்கத்தில் காட்டியது. அதிலும் அதே கோடு.
"மாற்றம் இல்லை. மூட்டு உறுதி."

3.50
பழைய படத்தின் ஃபிலிம் எங்களிடமும் இருக்கிறது. உறையிலிருந்து எடுத்தேன். மேல் பாதி இல்லை. கிரகணம் பார்க்க நறுக்கிவிட்டேன். (கண்ணுக்குக் கெடுதல் என்று பிறகுதான் படித்தேன்.)
டெக்னீஷியன் ரூபன் அண்ணன் சிரித்தார். "பாதிக் காலத்தான் கொண்டாந்திருக்க. மீதி சூரியன்ட்ட இருக்கா?"
"அவளக் கிண்டல் பண்ணாதீங்க தம்பி, அப்புறம் அதையும் எழுதிருவா," என்றாள் அம்மா.
கீழ்ப் பாதியில் தட்டு தெரிகிறது. ஓரத்தில் அம்மா பெயர், தேதி. கோடு இல்லை.

4.05
நோக்கியிடம் கேட்டேன்.
"கோடு அன்றே இருந்தது. உங்கள் ஃபிலிம் சேதமடைந்தது."
அண்ணன் சேமிப்பில் பழைய படத்தின் விவரத்தைத் திறந்தார். கடைசியாகத் திருத்திய நேரம்: இன்று 3.33.
அண்ணன் இப்போது சிரிக்கவில்லை. "நான் தொடவே இல்லியே பாப்பா."

4.12
ஏன் திருத்தினாய் என்று நோக்கியிடம் கேட்டேன்.
"போன மாதமும் உறுதி என்றே சொன்னேன். நான் தவறுவதில்லை."
அண்ணன் டாக்டருக்குப் போன் செய்தார். மெதுவாகப் பேசினார். நோக்கிக்குக் கேட்டிருக்கும்.

4.38
டாக்டர் நசீமா வந்தார். ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் செருகினேன். அவர் கண்ணாடியை மாட்டிக் குனிந்தார்.

4.39
கை தெரியவில்லை, எழுத்து கோணும். அம்மாவின் குரல்: "வெளிய வெயில் அடிக்குதுல்ல. படத்த எடு. டாக்டரம்மாவக் கூட்டிட்டு வா."
ஃபிலிம் என் கையில் இருக்கிறது. கதவு திறக்கவில்லை. அண்ணன் தள்ளிப் பார்க்கிறார்.
சுவிட்ச் பக்கம் யாரும் போகவில்லை. விளக்குகள் அணைக்கப்பட்டன.