பாதித் துண்டு தெம்பே

அம்மா, உன் கையை முத்தமிட்டு வாஹ்யுனி எழுதுகிறேன். முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன், மெலியவில்லை.

இங்கே விடுதிக்குக் கீழே துமிரா அக்கா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். சிக்கனத்துக்காக நான் வெறும் சோறுதான் வாங்குவேன். ஒருநாள் கொஞ்சம் குழம்பு கேட்டேன். "ஊர்ல பிச்சை எடுத்தியாடி? இந்தா, தின்னு" என்று எல்லோர் முன்னாலும் சோயாத் தெம்பேயில் பாதித் துண்டைத் தட்டில் வீசினாள்.

மறுநாளே சோயா வாங்கி வேகவைத்து, நீ கொடுத்த பூஞ்சைப் பொடியைத் தூவி, என் போர்வைக்குள் சுற்றிப் புளிக்கவிட்டேன். தெம்பே கல்லு மாதிரி இறுகிக் கட்டியானது. இப்போது விடுதி முழுக்க என்னிடம்தான் வாங்குகிறது, அவள் விலையில் பாதிக்கு. அவள் ஈ ஓட்டுகிறாள்.

நேற்று அவளே மாடியேறி வந்தாள். "யுனி, எனக்கும் ரெண்டு கட்டி குடும்மா. கடையில வச்சு வித்துக்கறேன்."

எல்லோரையும் கூப்பிட்டேன். அவர்கள் பார்க்கப் பாதித் துண்டு வெட்டி அவள் கையில் வைத்தேன். "காசு வேண்டாங்க்கா. தின்னுங்க."

பொடி தீர்ந்துவிட்டது, அனுப்பு. தெம்பேயைச் சுற்றி வைக்க உன் பழைய கைலி ஒன்றும் வேண்டும். துவைக்காமல் அனுப்பு. ஆலைச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு ஓடுகிறேன்.

யுனி